சனிக்கிழமை போன் எடுக்காத முதலாளி

புறக்கோட்டையில் எனக்குக் கயிறும் வலையும் தரும் இறக்குமதி வியாபாரி ஒருவர் இருக்கிறார். இருபது வருடப் பழக்கம். கொடுக்கல் வாங்கலில் சுத்தமான மனிதர். சொன்ன திகதியில் சரக்கு வந்து இறங்கும். தவணை தப்பினால் ஒரு தடவைதான் கேட்பார், இரண்டாவது தடவை கேட்க வைக்க நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. சனிக்கிழமை காலையில் அவருடைய போன் பேசாது. மணி அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது அணைத்து வைத்திருப்பார். பதினொரு மணிக்குப் பிறகுதான் ஆள் கிடைப்பார்.

இதனால் ஒரு முறை எனக்கு நல்ல ஓடர் ஒன்று கை நழுவியது. 2013இல் என்று நினைவு. கந்தக்குளியில் இருந்து ஒரு படகு முதலாளி வந்து, அன்றைக்கே பதில் வேண்டும் என்று தடித்த நைலோன் கயிற்றுக்கு விலை கேட்டார். என்னிடம் அந்தளவு இருப்பு இல்லை. கொழும்புக்கு எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். வந்தவர் அரை மணி நேரம் கதிரையில் இருந்துவிட்டு எழுந்து போய், சிலாபத்தில் வாங்கிக்கொண்டார். அன்று எனக்கு வந்த கோபத்தில் இந்த மனிதரோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். திங்கட்கிழமை அவரே எடுத்தார். நான் குத்தலாக, "என்ன ஹாஜியார், சனிக்கிழமையில கடைய விட்டுட்டு எங்க போறீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், "கோல்ப் விளையாட" என்றார்.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோல்ப் என்றால் நமக்கு டிவியில் தெரியும். பச்சைப் புல்வெளி, வெள்ளைத் தொப்பி, பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஓர் ஆள். வெள்ளைக்காரன் விட்டுப்போன பொழுதுபோக்கு. கயிறு விற்கிற மனிதனுக்கு அங்கே என்ன வேலை?

பிறகுதான் விசாரித்தேன். றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் காலிமுகத்திடலில் விளையாடியிருக்கிறார்கள். 1896இல் பொரளைப் பக்கம் போனார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரில் ரிட்ஜ்வே மைதானம் என்று அதற்குப் பெயர். களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்துக்கு நடுவாலேயே போகிறது. ரயில் வந்தால் எவ்வளவு பெரிய முதலாளியானாலும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நிற்கத்தான் வேண்டும். நுவரெலியாவில் உள்ளது 1889இல் தொடங்கியது. திகணையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் 1999இல் ஒன்று வந்தது. பிறகு ஹம்பாந்தோட்டையிலும் ஒரு பெரிய ஹோட்டலோடு சேர்த்து அமைத்தார்கள். நமது புத்தளம் மாவட்டத்தில் கோல்ப் மைதானம் கிடையாது. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

2024 பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை அந்த ஹாஜியார் போன் எடுத்தார். "நானா, சனி ஞாயிறு குடும்பத்தோட கற்பிட்டிக்கு வாறன். டொல்பின் பார்க்கணும் எண்டு பேரப்பிள்ளைகள் நச்சரிக்குது. நல்ல படகுக்காரர் ஒருத்தரப் பார்த்துத் தாங்க. ஒரு விஷயம், அந்த ரெண்டு நாளும் நான் வியாபாரம் பேச மாட்டன். நீங்களும் பேசக் கூடாது."

என்னுடைய நிலுவைக் கணக்கு அப்போது கொஞ்சம் தடித்திருந்தது. ஆகவே அந்த நிபந்தனை எனக்குச் சந்தோஷம்தான்.

சனிக்கிழமை பகல் வந்து இறங்கினார்கள். அவரும் மனைவியும், மகனும் மருமகளும், இரண்டு பேரப்பிள்ளைகளும். மறுநாள் சுபஹ் தொழுகை முடிந்து ஆலங்குடாவுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். படகு என் வாடிக்கையாளர் ஒருவருடையது. எஞ்சினுக்கு எண்ணெய்க் குழாயும் நங்கூரக் கயிறும் என்னிடம்தான் வாங்குகிறவர். "நீங்களும் ஏறுங்க நானா" என்றார். கடை திறக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹாஜியார் என் கையைப் பிடித்து இழுத்துப் படகில் உட்காரவைத்து, உயிர்காப்பு அங்கியை என் தலைக்கு மேலால் மாட்டிவிட்டார்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் பக்கத்துக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். முக்கால் மணி நேரம் ஓடியிருப்போம். படகுக்காரர் எஞ்சினைக் குறைத்துக் கையை நீட்டினார். முதலில் ஒன்று, இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. நூற்றுக்கணக்கில் வந்தன. தண்ணீரை விட்டு எழும்பி, பம்பரம் மாதிரி உடம்பைச் சுழற்றி விழுந்தன. கற்பிட்டிக் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரிவது இந்தச் சுழலும் வகைதான். பிள்ளைகள் கத்தினார்கள். ஹாஜியாரின் மனைவி "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல படகுக்காரர்கள் அவற்றை விரட்டிப் போக மாட்டார்கள். எஞ்சினை மெதுவாக விட்டு ஒரு பக்கமாக நின்றால் அவையே வந்து படகுக்கு முன்னால் ஓடும். எங்கள் ஆள் அப்படித்தான் செய்தார்.

பெரியவன், பதினொரு வயதுப் பையன், என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்க இத டெய்லி பாப்பீங்களா?" என்று கேட்டான்.

வாசகர்களே, பொய் சொல்ல ஒரு வினாடி நினைத்தேன். இந்தக் கரையில் பிறந்து ஐம்பத்தைந்து வருடம். கடலுக்குப் போகிறவர்களுக்குச் சாமான் விற்றே வீடு கட்டி, பிள்ளைகளைக் கரை சேர்த்தவன். அன்றுதான் நான் டொல்பின் மீனை முதன்முதலாகப் பார்த்தேன்.

"இல்ல மகன், இண்டைக்குத்தான்" என்றேன். அவன் நம்பவில்லை.

திரும்பி வரும் வழியில் நான் அதிகம் பேசவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது என் கடைசி மகள். 2011இல் அவள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். போர் முடிந்து இரண்டு வருடம், டொல்பின் பார்க்க கொழும்பிலிருந்து வான் வானாக ஆட்கள் வரத் தொடங்கிய காலம். "வாப்பா, நான் பாஸ் பண்ணினா என்னய டொல்பின் பாக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள். சரி என்றேன். பாஸ் பண்ணினாள். அந்தச் சனிக்கிழமை லொறி வந்தது. அடுத்த சனிக்கிழமை கணக்கு முடிப்பு. அதற்கடுத்தது யாரோ ஒருவருடைய கல்யாணம். பிறகு காற்றுக் காலம் வந்து கடல் கொந்தளித்துவிட்டது. அடுத்த வருடம் அவளாகவே கேட்பதை நிறுத்திவிட்டாள். 2022இல் கல்யாணமாகி இப்போது கணவரோடு டோஹாவில் இருக்கிறாள். கடைக்கு வரவேண்டிய ஒவ்வொரு ரூபாவும் என் கொப்பியில் இருக்கிறது. இந்த நிலுவை மட்டும் எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை.

அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு கடற்கரைக்கு வந்தோம். ஹாஜியார் தன் வாகனத்திலிருந்து ஒரு மட்டையையும் நாலைந்து பந்துகளையும் எடுத்து வந்தார். ஆட்கள் இல்லாத, தண்ணீர் வற்றி இறுகிய மணல் பரப்பு அது. தூரத்தில் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. ஒரு தென்னை மட்டையைக் குத்தி, அதுதான் குழி என்றார்கள். பேரனும் அவரும் அடித்தார்கள். பிறகு மட்டையை என் கையில் தந்தார்கள்.

பார்க்க இலகுவாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பந்து அசையாமல் தரையில் கிடக்கிறது, யாரும் அதை நம் மீது எறியவில்லை. அப்படியிருந்தும் என் முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது மணலைக் கிளப்பியது. மூன்றாவதில்தான் பந்து நகர்ந்தது. ஒருவாறு தென்னை மட்டை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, "ஏழு" என்றேன்.

"ஒம்பது, அங்கிள்" என்றான் பையன்.

"முதல் ரெண்டும் பந்துல படல்லையே?"

"அடிக்கிறதுக்குத்தானே வீசினீங்க? அப்ப அதுவும் கணக்கு."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். உண்மையாகவே கோல்ப் சட்டம் அப்படித்தானாம். அடிக்கும் எண்ணத்தோடு வீசிவிட்டால், பட்டாலும் படாவிட்டாலும் ஓர் அடி. வழக்கமான விளையாட்டில் கூடவே நடுவர் நடப்பதில்லை. காடு மாதிரிப் பற்றைக்குள் பந்து போனால் நீங்கள் மட்டும்தான் அங்கே போய்த் தேடுகிறீர்கள். 2019இலிருந்து அதற்கு மூன்று நிமிடம்தான் அவகாசம். கிடைத்த பந்தைக் காலால் கொஞ்சம் வசதியான இடத்துக்குத் தள்ளிவிட்டால் பார்க்க யாரும் இல்லை.

அப்போது அவர் ஒரு பழைய சம்பவம் சொன்னார். பொபி ஜோன்ஸ் என்று ஓர் அமெரிக்கர். 1925இல் அமெரிக்காவின் பெரிய திறந்த போட்டியில், அவர் அடிக்கத் தயாராகும்போது பந்து துளி அசைந்துவிட்டது. அவரைத் தவிர யாரும் காணவில்லை. அவரே போய்ச் சொல்லித் தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் இன்னொருவரோடு சமநிலை வந்து, மறு ஆட்டத்தில் தோற்றுப்போனார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் கிண்ணம் அவருக்குத்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து அவர் சொன்னது. இந்த ஜோன்ஸ் கடைசி வரை காசுக்காகப் போட்டிகளில் விளையாடவில்லையாம். அவர் ஒரு வழக்கறிஞர். கோல்ப் அவருக்குப் பொழுதுபோக்கு. 1930இல் ஒரே வருடத்தில் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றுவிட்டு, இருபத்தெட்டு வயதில் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் தராசையும் பில் புத்தகத்தையும் நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மீற்றர் கோல் பிடிக்கும்போது கை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, விற்கிறவனுக்குத் தெரியும். சரி, அதை விடுவோம்.

இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு. நண்டுக் கறியும் இடியப்பமும். வியாபாரம் பேசக் கூடாது என்ற நிபந்தனையை நான்தான் முதலில் மீறினேன். "ஹாஜியார், பணத்த விடுங்க. நீங்க இல்லாத நேரம் கடை எப்படி ஓடுது? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதில் இந்தப் பழக்கம் வந்ததாம். வங்கியில் தெரிந்த ஒருவர், பெரிய ஆட்கள் வருகிற இடம், தொடர்பு கிடைக்கும் என்று அழைத்துப் போயிருக்கிறார். இவரும் வியாபாரம் பிடிக்கத்தான் போனார். "ஒரு ஓடரும் கிடைக்கல்ல நானா. நான் பந்தத் தேடிட்டு நிக்கிறன், அவர் அவரிட பந்தத் தேடிட்டு நிக்கிறார். எங்க பேசுறது?" பதினெட்டுக் குழி முடிக்க நாலு மணி நேரமாவது போகும். ஆறு ஏழு கிலோமீற்றர் நடை. அந்த நாலு மணி நேரமும் கயிறு, டொலர், கொள்கலன் எதுவும் மண்டைக்குள் வருவதில்லை என்று மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தாராம். அன்றிலிருந்து விடவில்லை.

கடைக்கு அவர் செய்தது இதுதான். பதினைந்து வருடம் கூட இருந்த ஒருவரிடம் சனிக்கிழமைப் பொறுப்பைக் கொடுத்தார். விலைப் பட்டியலை எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பழைய வாடிக்கையாளருக்கு இவ்வளவு ரூபா வரை கடன் கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் பதினொரு மணி வரை காத்திருக்கச் சொல் என்று ஒரு வரம்பு போட்டார். முதல் வருடம் இரண்டு கடன் வராமல் போனது. "அத நான் கிளப் சந்தாவோட சேத்துக் கணக்கு வச்சன்" என்றார். 2013இல் நான் இழந்த அந்தக் கயிற்று ஓடரை ஞாபகப்படுத்தினேன். அதுவும் தெரியும் என்றார். அப்போது அந்த ஏற்பாடு இன்னும் செய்திருக்கவில்லையாம். என்னைப் போல இன்னும் இரண்டு பேர் குத்தலாகக் கேட்ட பிறகுதான், போனை அணைப்பது மட்டும் போதாது, எடுக்க இன்னொருவர் இருக்க வேண்டும் என்று புரிந்ததாம். மன்னிப்புக் கேட்டார். பதினொரு வருடம் கழித்து.

ஞாயிறு பகல் போய் டொல்பின் பார்த்துவிட்டு அன்றிரவே இவ்வளவு பேசியது என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நம்மில் பலர் கடையில் வேலை செய்கிற பையன்களுக்கு லீவு கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் தொழில் அலுவலகத்திலிருந்து வருவார்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்கிறது. வேலை நேரம் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி. நம் கடையிலேயே அந்தச் சட்டம் பொருந்தாத ஓர் ஆள் முதலாளிதான். காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை இருந்தால் வாரத்துக்குத் தொண்ணூறு மணித்தியாலம் தாண்டிவிடும். ஒரு பையனை அவ்வளவு நேரம் வைத்திருந்தால் நம்மை நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். வெள்ளி நமக்குச் சோம்பிக் கிடக்கும் நாள் என்று யாரும் சொல்லவில்லை. பாங்கு சொன்னால் வியாபாரத்தை விடு, தொழுகை முடிந்தால் கலைந்து போய்த் தேடிக்கொள் என்பதுதான் கட்டளை. பன்னிரண்டு மணிக்குக் கதவைப் போட்டு இரண்டு மணிக்குத் திறக்கிறோம். அது இபாதத்துக்கான நேரம். பிள்ளைகளுக்கான நேரத்தை நாம் வேறாகத்தான் ஒதுக்க வேண்டும்.

கடை மூடினால் உலகம் முடிந்துவிடும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவுக்காக நாட்டில் முதலில் ஊரடங்கு போட்ட இடங்களில் புத்தளமும் ஒன்று. பிறகு முழு நாட்டுக்கும் வந்தது. வாரக்கணக்கில் கடை பூட்டிக் கிடந்தது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் ஏறின, கடை திறந்திருந்தும் வாங்க ஆள் இல்லை. இரண்டிலும் அடிபட்டோம், நஷ்டப்பட்டோம், மறுப்பதற்கில்லை. ஆனால் இருக்கிறோம். அவ்வளவு நாள் பூட்டியும் இருக்கிற கடை, ஞாயிறு பின்னேரம் மூன்று மணி நேரம் நாம் இல்லாவிட்டால் விழுந்துவிடுமா?

மற்றவர்களின் ஓய்வு நாள் நம் ஊருக்குச் சோறு போடுகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கற்பிட்டி வியாபாரிகள் இதைக் கவனித்திருப்பீர்கள். மே மாதம் தென்மேற்குக் காற்று கிளம்பினால் கடல் முரடாகிவிடும், படகுகள் குறைவாகத்தான் இறங்கும், என் கடையில் வலை விற்பனை படுத்துவிடும். அதே காற்றுக்காகத்தான் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் தண்ணீர் மேல் சறுக்குகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் செப்டெம்பர் வரை கப்பலடிப் பக்கம் வந்து குவிகிறார்கள். காற்று அடங்கி மீன்பிடி எழும்பும்போது டொல்பின் பார்க்கிற கொழும்பு ஆட்கள் வருகிறார்கள். ஒரு கை இறங்கும்போது மறு கை ஏறுகிறது. நான் இப்போது கபானா கட்டுகிறவர்களுக்குக் கயிறு, வார்னிஷ், தண்ணீர்க் குழாய் என்று தனி றாக்கை வைத்திருக்கிறேன். காற்றுக் காலத்தில் கடைச் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. போர் முடிந்த கையோடு கற்பிட்டியையும் சுற்றியுள்ள பதினான்கு தீவுகளையும் பெரிய உல்லாச வலயமாக்கும் திட்டம் ஒன்று வந்தது நினைவிருக்கும். ஹோட்டல்கள், விமான இறங்குதளம் என்று அடுக்கினார்கள். கோல்ப் மைதானமும் அந்தப் பேச்சில் இருந்தது. எங்கள் நிலமும் இறங்குதுறையும் என்னாவது என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். சொன்ன அளவில் அது நடக்கவில்லை. வந்திருந்தால் என் கடைக்கு ஓடர் வந்திருக்கும், உண்மைதான். ஆனாலும் ஹாஜியாரிடமே இதைக் கேட்டேன். அவர் கையைத் தலையில் வைத்தார். புல்வெளியைப் பச்சையாக வைத்திருக்கத் தினமும் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பார்த்தவர் அவர்.

நம்முடைய மண்ணோ வெறும் மணல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம், அதில்தான் வெங்காயமும் மிளகாயும் பயிராகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். தோட்டத்து உரம் கலந்து கிணற்று நீர் கெடுவது பற்றியே ஏற்கெனவே ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கோல்ப் பொரளையிலும் நுவரெலியாவிலும் இருக்கட்டும். மழை பெய்கிற ஊர்கள் அவை.

திங்கட்கிழமை காலையில் ஹாஜியார் புறப்படுமுன் கடைக்கு வந்தார். தூண்டில் முள் தொங்குகிற பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுப் பார்த்து, "இதுல எந்த நம்பர் நீங்க போடுறது நானா?" என்று கேட்டார்.

சின்ன வயதில் நான் கற்பிட்டி இறங்குதுறையில் தூண்டில் போடப் பைத்தியமாக இருந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகத்தைப் போட்டுவிட்டு, தங்கூசியைச் சுற்றிய தகர டின்னோடு ஓடுவேன். மணலை, கீளி, எது விழுந்தாலும் உம்மா பொரித்துத் தருவார். வாப்பா மௌத்தாகி நான் கடை மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து தூண்டில் தொட்டதில்லை. முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முள் விற்றிருப்பேன்! அவருக்கு என்ன பதில் சொல்வது?

அந்த வாரமே எங்கள் கடையில் பன்னிரண்டு வருடமாக இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். விலைப் பட்டியல் எழுதினோம். கடன் வரம்பு பேசினோம். ஞாயிற்றுக்கிழமை அஸரிலிருந்து மஃரிப் வரை நான் இல்லை என்று சொன்னேன். முதல் ஞாயிறு, புதிய விலைக்கு வந்த கயிற்றைப் பழைய விலைக்கு அளந்து கொடுத்துவிட்டான். மூவாயிரத்து நானூறு ரூபா நட்டம். மூன்று நாள் மனதுக்குள் எரிந்துகொண்டிருந்தேன். பிறகு என் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் ஒரு தலைப்பு எழுதினேன்: "கிளப் சந்தா". அதன் கீழே அந்தத் தொகையைப் போட்டேன். இதுவரை அந்தப் பக்கத்தில் ஆறு வரிதான் ஏறியிருக்கிறது.

மனைவி முதலில் சந்தேகப்பட்டாள். நேரத்தோடு வீட்டுக்கு வந்தால், "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது அவளும் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு இறங்குதுறை வரை வருகிறாள். மீன் அவ்வளவாக விழுவதில்லை. கை பழைய பதத்துக்கு வரவில்லை. பக்கத்தில் தூண்டில் போடுகிற பையன்கள், முள் விற்கிற முதலாளிக்கு இரை குத்தத் தெரியவில்லையே என்று சிரிக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு, நான் தூண்டிலை வீசிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். படகு நங்கூரம் அறுந்து ஒதுங்குகிறது, தடித்த கயிறு வேண்டும், கடையில் தம்பி கடன் வரம்பைக் காட்டுகிறான் என்றார். எழும்பி ஓடலாமா என்று கால் துடித்தது. போனை எடுத்து, "குடு தம்பி. இது கடல் விஷயம். நாளைக்கு நான் பாக்குறன்" என்றேன். ஒரு நிமிடம்தான் ஆனது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி என் தங்கூசியைக் கையில் பிடித்திருந்தாள்; நுனியில் உள்ளங்கையளவு கீளி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய முதல் மீன்.

மகள் டிசம்பரில் பிள்ளையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். படகுக்காரரிடம் ஒரு ஞாயிறு காலைக்கு முற்பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.